என் முழங்காலுக்கு ஒதுக்கிய காலை

கொரோனா நாட்களில், விளையாட்டில் அடிபட்டவர்களில் முழங்கால் பூட்டிக்கொண்டு நீட்ட முடியாதவர்களுக்கே நான் பதிவு செய்திருந்த மருத்துவமனை முதலில் அறுவை சிகிச்சை செய்தது. தசைநார் கிழிந்தவர்கள் காத்திருக்க வேண்டும். கோவில்பட்டியில் ஹாக்கி ஆடிய எனக்குக் கிழிந்திருந்தது தசைநார்தான். ஆனால் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு வயது வரம்பு நெருங்கிக்கொண்டிருந்தது. நர்ஸ் போனில், "காலை நீட்ட முடியுதா?" என்று கேட்டார்.

"முடியலக்கா, பூட்டிக்கிட்டு" என்றேன். மறுவாரமே இடம் கிடைத்தது.

துணைக்கு யாரையும் விடவில்லை. ஆறு கட்டில் போட்ட அறையில் நான் மட்டும் கிடந்தேன். காலையில் டாக்டர் என் குதிகாலைத் தூக்கிப் பார்த்தார். முழங்கால் நேராக நீண்டது.

"நல்லாத்தான நீளுது?"

"வேலைக்கு வயசு போயிரும்னு பயம் சார்."

"உனக்கு வயசு போவுது தம்பி. அடுத்து நிக்குத பிள்ளைக்குக் காலே போவுது."

அந்தப் பிள்ளை ஓட்டப்பிடாரத்துக் கபடி ஆட்டக்காரி. என் அறுவை சிகிச்சையை நிறுத்திவிட்டு, நர்ஸ் என் கட்டிலருகே நின்றே அவளைப் போன் ஸ்பீக்கரில் அழைத்தார்.

"மத்தியானத்துக்குள்ள வந்திருவியாம்மா?"

"பஸ் ஓடலையேக்கா. எப்படி வர?"

"சரி, அடுத்த வாரம் பாப்போம்."

"இன்னும் ஒரு வாரமாக்கா? காலு மடக்குன மேனிக்கே இருக்கு."

அன்று எனக்கு ஒதுக்கியிருந்த நேரத்தில் யாருக்கும் அறுவை சிகிச்சை நடக்கவில்லை. மாலையில் என்னைக் கூட்டிப்போக வண்டி வரும்வரை, பேச ஆளில்லாமல் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சில மாதங்கள் கழித்து என் முறை வந்து அறுவை சிகிச்சை நடந்தது; என் கால் சரியானது. அவளுடைய கால் என்ன ஆயிற்று என்று நர்ஸிடம் நான் இதுவரை கேட்கவில்லை. ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும். பொய் சொன்ன அன்று வராத பயம், அந்த எண்ணை எடுக்கும்போதெல்லாம் வருகிறது.