சித்தையன்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்கு: முடியாத வீட்டைப் பார்க்கப் போன காலை

2005-ஆம் வருஷம் புரட்டாசிக் கடைசியில், உடம்பு முடியாமல் கிடந்த என் வீட்டுக்காரி காளியம்மாளைச் சித்தையன்கோட்டையிலிருந்து காரில் கூட்டிக்கொண்டு போய், திண்டுக்கல்லில் எங்கள் மகன் கட்டிக்கொண்டிருந்த வீட்டைக் காட்டி வந்தேன். போக வர ஐம்பது கிலோமீட்டருக்குள்தான். இதைப் போய்ப் பயணம் என்று எழுதலாமா என்று மருமகள் செல்வியிடம் கேட்டேன். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் கம்ப்யூட்டரில் தட்டுகிறாள். இதே மாதிரி யாரையாவது கூட்டிப் போக வேண்டியவர்கள் இருப்பார்கள், சொல்லுங்கள் மாமா என்றாள். அவர்களுக்காகத்தான் இது.

காளியம்மாளுக்கு வயிற்றில் கட்டி. தீபாவளி தாண்டுவது கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவளுக்கு மிச்சமிருந்த ஆசை அந்த வீட்டைப் பார்ப்பதுதான். சித்திரையில் பூமி பூஜை போட்டபோது வயிற்றுவலி என்று அவள் வரவில்லை. அதற்கப்புறம் கேட்கும்போதெல்லாம் மகன் முருகேசன், முடியட்டும்மா, முழுசா வந்து பாரு என்பான். ஆசையில்தான் சொன்னான்.

அவனுக்குக் கட்டடக் கம்பெனியில் திட்டம் போடுகிற வேலை. எந்த வேலை எப்போது தொடங்கும், எது முடிந்தால் எதைத் தொடலாம் என்று சாஃப்ட்வேரில் போட்டுக் கொடுப்பான். சொந்த வீட்டுக்கும் அப்படியே போட்டு வைத்திருந்தான். மருந்து வாங்க வாராவாரம் திண்டுக்கல் போகும்போது அவன் வாடகை வீட்டில் எட்டிப் பார்ப்பேன். எழுத்து புரியாவிட்டாலும் கம்ப்யூட்டரில் அவன் காட்டிய படம் புரிந்தது. ஒவ்வொரு வேலையும் ஒரு நீலக் கோடு. ஒன்றின் வாலிலிருந்து அடுத்ததன் தலைக்கு ஓர் அம்புக்குறி. எல்லாவற்றுக்கும் கடைசியில், கிரகப்பிரவேசத்துக்குப் பக்கத்தில், கறுப்பாக ஒரு சின்ன டைமண்ட். அதுதான் அம்மா வந்து வீடு பார்க்கிற நாள் என்று முதல் தடவையே காட்டினான்.

ஆடி மாசம் வேலை கிடையாது என்று திட்டத்தில் அவனே லீவு போட்டிருந்தான். அதில் போடாத தடங்கல் நிறைய வந்தது. மணல் லாரிக்காரர்கள் ஸ்ட்ரைக் பண்ணினார்கள். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பைப் பதிக்க வேண்டிய எலக்ட்ரீசியன் கேரளாவுக்குப் போய்விட்டான். கம்பி கட்டி வைத்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதியை மாற்றுவான். பின்னால் இருக்கிற அத்தனை கோடும் ரயில் பெட்டி மாதிரி வலது பக்கம் நகரும். டைமண்டும் நகரும். ஐப்பசியில் இருந்தது கார்த்திகைக்குப் போனது. கார்த்திகையும் தாண்டியபோது, மார்கழியில் பால் காய்ச்சக் கூடாது என்று அவனே பூட்டி வைத்திருந்ததால், நேரே தையில் போய் விழுந்தது.

அன்றைக்கு நானும் செல்வியும் அவன் பின்னால் நின்றிருந்தோம். டைல்ஸுக்கு நாளைச் சுருக்கிப் பார்த்தான், பெயிண்டுக்குச் சுருக்கிப் பார்த்தான். தையை விட்டு அது வரவில்லை. கடைசியில் அந்த டைமண்டுக்கு வருகிற அம்புக்குறியைத் தொட்டு அழித்தான். அது ஒரே துள்ளாகத் துள்ளி, இடது கோடியில் சித்திரையில், பூமி பூஜைக்குக் கீழே போய் நின்றது.

என்னப்பா இது, தப்பாயிருச்சா என்று கேட்டேன்.

"தப்பில்லப்பா. எதோடையும் கட்டலைன்னா அது மொத நாளுக்கே போயிரும்." மவுஸை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். "அம்மா எப்ப வேணா வந்திருக்கலாம்ப்பா. நான்தான் கடைசில கட்டிப் போட்டேன்."

மறுநாளே கிளம்பினோம். பஸ்ஸில் தலைக்கு ஏழு ரூபாயில் போயிருக்கலாம். அவளால் உட்கார முடியாது. திண்டுக்கல்லிலிருந்து ரபீக் பாயின் அம்பாசிடரை நானூற்றைம்பது ரூபாய்க்குப் பேசினான் முருகேசன், வெயிட்டிங் சேர்த்து. காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். செம்பட்டி வரைக்கும் ரோடு மோசம், அதற்கப்புறம் பரவாயில்லை. பாய் உருட்டிக்கொண்டே போனார்.

"ஏப்பா, ரெண்டு டவுன் பஸ் நம்மள முந்திருச்சு" என்றாள்.

"குலுங்காமக் கொண்டாரணும்னு உங்க மகன் உத்தரவு, பெரியம்மா."

"குலுங்கி உதிர என்கிட்ட என்ன இருக்கு? மிதிப்பா."

பாய் சிரித்தார். ஆனால் மிதிக்கவில்லை. மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஊருக்குள் போகாமல் பழனி ரோட்டுப் பக்கம் திரும்பினால் புது பிளாட்டுகள். கடைசியில் இருநூறு மீட்டர் மண்பாதை, மழையில் சேறாகிக் கிடந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர ஒன்பதே கால்.

உள்ளே போக முடியவில்லை. கூரைக்குக் கான்கிரீட் போட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதைத் தாங்கி ஹால் முழுக்கச் சவுக்குக் கம்புகள் நெருக்கமாக நின்றன. வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு உட்கார வைத்தோம். முருகேசன் கம்புகளுக்குள் நுழைந்து நுழைந்து போய், இது ஹால், இது உங்க ரூம், இது சமையல்கட்டு என்று ஒவ்வொரு இடமாக நின்று காட்டினான். சமையல்கட்டு ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஜன்னல் உசரமாப் போச்சே அப்பு. எனக்கு எட்டாது."

இறக்கிரலாம்மா, ரெண்டு நாள் வேலைதான் என்று அங்கிருந்தே சொன்னான். கொத்தனாரையும் கூப்பிட்டுவிட்டான்.

"வேணாம்டா. செல்விக்கு எட்டும். யாரு நின்னு ஆக்கப் போறாளோ அவ உசரத்துக்கே இருக்கட்டும்."

இந்த இடத்தில் செல்வி தட்டுவதை நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள். முகம் கழுவிக்கொண்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்தாள்.

அரை மணி நேரம் இருந்தோம். சேரோடு தூக்கிக் காருக்குக் கொண்டு வரும்போது அடுத்த பிளாட்டில் மிக்ஸர் மெஷினை ஓட விட்டார்கள். காளியம்மாள் வீட்டைத் திரும்பிப் பார்த்து என்னவோ சொன்னாள். காதில் விழவில்லை. காரில் ஏறியதும் என்ன சொன்ன என்று கேட்டேன். ஒண்ணுமில்ல என்று கண்ணை மூடிக்கொண்டாள். ஊர் வந்து சேரும்வரை தூங்கினாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் போய்விட்டாள். வீடு தையில் முடிந்தது. துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்கு விசேஷம் கூடாது என்று பூட்டியே வைத்திருந்து, திவசம் கொடுத்த பிறகுதான் பால் காய்ச்சினோம்.

இப்படிக் கூட்டிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். சுவர் எழும்பியதும் போங்கள், வெறும் மனையானாலும் போங்கள். மழை பெய்திருந்தால் கார் வாசல் வரைக்கும் போகுமா என்று முந்தின நாளே பார்த்து வையுங்கள். கைப்பிடி வைத்த சேர் ஒன்று, குடிக்கத் தண்ணீர், தலைக்குத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆணி கிடக்கும், செருப்பைக் கழற்ற விடாதீர்கள். கிளம்பும்போது பக்கத்தில் மெஷின் ஏதும் ஓடினால், போய்ச் சொல்லி ஐந்து நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள். கேட்டால் நிறுத்துவார்கள். நான் கேட்கவில்லை.