கொட்டகைக் கேமரா காட்டிய பெயர்

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? இது பட்டப்பகலில் நடந்தது. மணி 12:07. கிளியனூர் அடைக்கலராஜ் எனக்குத் தெரிந்த மனிதர். வாய்க்கு வந்ததை அளந்து விடுகிற ஆள் இல்லை. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். தனியாக மாடு கறப்பவர்களும் நிறுத்திக்கொள்வது நல்லது.

போன ஜூன் மாதம் அவர் மனைவி கிளாரா மாரடைப்பில் இறந்துபோனார். மகன் ஆண்டோவுக்கு ஓசூரில் வேலை. வீட்டில் மிச்சம் இருந்தது அடைக்கலராஜும் ஒரு கறவை மாடும்தான். பல நாள் அவர் வாய் திறந்து பேசியதே அந்த மாட்டோடுதான்.

கிளாரா இருந்தபோதே ஆண்டோ கொட்டகைக்கு நவீன வசதியெல்லாம் செய்து கொடுத்திருந்தான். மாட்டின் கழுத்தில் ஒரு பட்டை. நாளுக்கு எத்தனை நிமிடம் அசை போட்டது என்று அது போனுக்குச் சொல்லும். கூரையில் ஒரு கேமரா. உள்ளே வருகிறவர் முகத்தைப் பார்த்து, பெயரோடு செய்தி அனுப்பும். அப்பா, அம்மா இருவர் முகத்தையும் ஆண்டோ அதில் பதிந்து வைத்திருந்தான்.

கிளாரா போனதும் மாடு சுருண்டுவிட்டது. அவர் கை தவிர வேறு கைக்குச் சுரக்காத மாடு அது. நாளுக்கு நானூற்றைம்பது நிமிடம் அசை போட்ட மாடு, நூற்று நாற்பதுக்கு இறங்கியது.

“இப்படியே போனா மாடு தாங்காதுங்க” என்றார் கால்நடை டாக்டர்.

“மாட்ட வெலைக்கு குடுத்துட்டு இங்க வந்துடுப்பா” என்றான் ஆண்டோ.

அடைக்கலராஜுக்கு மனசு வரவில்லை. அதுவும் போய்விட்டால் அப்புறம் அவருக்கு யார் இருக்கிறார்கள்?

பக்கத்து வீட்டு சவுரியம்மாள்தான் வழி சொன்னார்: “கிளாரா சீலைய போத்திக்கினு போய் ஒக்காருண்ணே. மாட்டுக்கு வாசனதான் எல்லாம்.”

கூச்சமாகத்தான் இருந்தது. காரியம் ஆக வேண்டுமே, தலையோடு போர்த்திக்கொண்டு போனார். காலை 5:10. மாடு மோந்து பார்த்தது. சுரந்தது! சட்டைப் பையில் போன் ‘டிங்’ என்றது. எடுத்துப் பார்த்தார்.

கிளாரா, கொட்டகையில்.

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மாடும் ஏமாந்தது, மெஷினும் ஏமாந்தது என்று நினைத்துக்கொண்டார். நாற்பத்தொரு நாள் இப்படியே போனது. தினமும் 5:10, தினமும் ஒரு ‘டிங்’. அசை போடும் நேரம் நானூறைத் தாண்டியது.

நாற்பத்திரண்டாம் நாள் காலை கறந்துவிட்டு, மாட்டுக்குத் தாது உப்பு வாங்கத் திண்டிவனம் போனார். கொட்டகைப் படலைக் கட்டிவிட்டுத்தான் போனார். சேலை வீட்டுக்குள், ஆணியில் தொங்கியது. வீடு பூட்டியிருந்தது.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார். மணி 12:07.

டிங்.

கிளாரா, கொட்டகையில்.

போனில் கேமராவைத் திறந்தார். கொட்டகையில் யாரும் இல்லை. மாடு மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றது… யாரோ சொறிந்து கொடுப்பதுபோல. கண் மூடியிருந்தது.

அப்புறம் சத்தம் கேட்டது.

சர்… சர்… சர்…

பால் கறக்கும் சத்தம்.

பாத்திரமே இல்லை.

12:19. சத்தம் நின்றது.

12:50. ஓடி வந்து பார்த்தார். படல் கட்டியபடியே இருந்தது. மடி தொளதொளவென்று வற்றிக் கிடந்தது. தரையில் ஒரு சொட்டுப் பால் இல்லை.

ஆண்டோவுக்குப் போன் போட்டார்.

“சீலைய பாத்து ஏமாறுதுன்னு நெனச்சேன்டா. இன்னிக்கு சீலையும் இல்ல, நானும் இல்ல. அப்பவும் அம்மா பேரு காட்டுது.”

ஆண்டோ பழைய பதிவுகளைத் திறந்தான். ஒவ்வொரு நாளாகப் பார்த்தான்.

“அப்பா… அது ஒரு நாளும் ஏமாறல. நீ சீலை போத்திக்கினு போனப்பவும் உன் பேருதான் போட்டிருக்குது. அடைக்கலராஜ், அஞ்சு பத்து. எல்லா நாளும்.”

“எனக்கு அப்படி வரலியே?”

“உன் பேரு உனக்கே எதுக்குன்னு நான்தான் வராம பண்ணி வெச்சேன்.”

“அப்போ கிளாரான்னு வந்தது?”

“அது… கூட இருந்த இன்னொரு ஆளுப்பா.”

ஆண்டோதான் மறுபடி பேசினான்.

“பேஜாரு வேணாம்பா. மாட்ட குடுத்துட்டு ஜல்தி கெளம்பி வா.”

அடைக்கலராஜ் மாட்டை விற்கவில்லை. மறுநாள் காலை சேலை போர்த்தாமலே போனார். மாடு சுரந்தது. இன்றும் அவர்தான் கறக்கிறார்.

கறந்து முடித்து எழும்போது மட்டும், முதுகுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை.