பேக்கரிக்காரருக்கு ஓர் அர்ச்சனை

போன வாரம் எங்கள் கடைக்குத் தைலம் வாங்க வந்த ஒரு வாசகி என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டார்: "சார், வாரா வாரம் பத்திரிகையில கிருத்திகை, விரதம், காவடின்னே எழுதுறீங்களே... டிவியெல்லாம் பாக்கவே மாட்டீங்களோ?"

நான் சிரித்து மழுப்பினேன். உள்ளே பாட்டில் துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி குருவம்மாள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

பார்ப்போம் அம்மா, பார்ப்போம். பார்த்ததால் வந்த வினையைத்தான் எழுதலாமா, வேண்டாமா என்று சில வருஷங்களாகப் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். பக்திமான் என்று பெயர் வாங்கிவிட்டு, ஒரு கொலைகாரனுக்காக முருகன் சன்னதியில் அர்ச்சனை செய்த குடும்பம் நாங்கள் என்று எப்படி எழுதுவது? கை வரவில்லை.

இன்று எழுதிவிடுகிறேன். குருவம்மாளும் அனுமதி கொடுத்துவிட்டாள் - "என்னையக் கோமாளியாக்காம எழுதுங்க" என்ற நிபந்தனையோடு. அது கொஞ்சம் கஷ்டம்தான்...

எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை சீசனுக்கு வாடகைக்கு விடுவோம். பெங்களூரிலிருந்து வந்த சாஃப்ட்வேர் பிள்ளைகள் ஒருமுறை கிளம்பும்போது ஒரு பை நிறைய டிவிடியை என் கையில் திணித்தார்கள். "அங்கிள், உலகமே கொண்டாடுற சீரியல். ரெண்டு சீரியல், ரெண்டு செட்டு. விருது விருதா வாங்கிக் குவிச்சிருக்கு. பாருங்க!"

இங்கிலீஷ் சீரியல். நானோ எட்டாம் வகுப்பு. குருவம்மாள் அதற்கும் கீழே. ஆனால் எங்கள் ஒரே மகள் வள்ளி இங்கே ஒரு சின்னப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். கீழே ஓடும் எழுத்தைப் படித்துப் படித்து, அவளே தமிழில் பேசிக் காட்டுவாள். அதுவும் எப்படி? கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்கார ரௌடி, "ஏலே, இன்னும் என்னலே சோலி அங்க? வெரசா வண்டிய எடு!" என்பான். நாங்கள் சிரித்துச் சிரித்து, மழைக்காலம் போனதே தெரியவில்லை.

முதல் செட்டின் நாயகர் ஒரு பேக்கரி வைத்திருப்பவர். அடுப்படியில் ரொட்டி, பின்கட்டில் கடத்தல், ஆளைத் தீர்ப்பது எல்லாம். வீட்டுக்கு வந்தால் பசு. மனைவியிடம் குரல் உயர்த்த மாட்டார். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுப்பார். "எங்க போனீங்க?" என்றால், "மாவு மில்லுக்கு." எப்போது கேட்டாலும் மாவு மில்தான்!

இரண்டாவது செட்டில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். அவரும் கடத்தல்தான். ஆனால் அந்த வீட்டில் ஒளிவு மறைவே கிடையாது. மனைவி சரக்கைப் பிரித்துக் கட்டுவாள். மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்து போலீஸ் வருகிறதா என்று பார்ப்பார். எல்லோரும் ஒரே மேஜையில் சாப்பிட்டுக்கொண்டே ஒருவர் மேல் ஒருவர் கத்துவார்கள். ஒருநாள் சூப்புச் சட்டியே பறந்தது.

எங்கள் வீடு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. குருவம்மாள் பேக்கரிக் கட்சி. "மனுசன் எம்புட்டு மரியாதையா பேசுறாரு! வீட்டுக்குள்ள ஒரு சத்தம் உண்டா?" என்பாள். நான் கிரேன் கட்சி. "சத்தம் போட்டாலும் மறைக்கலையே! அந்த ரொட்டிக்காரன் பொண்டாட்டி யாரோட குடும்பம் நடத்துறோம்னே தெரியாம நடத்துறாளே!"

"தெரியாமலா? மாவு டப்பாக்குள்ள யாரோ ஒருத்தரோட கல்யாண மோதிரம் கெடந்துச்சே... பாத்துட்டு, திரும்ப அதுக்குள்ளயே போட்டு மூடிட்டு, ரொட்டி தட்டுனாளே. அவளுக்கு எல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருக்கா. அதான் எனக்குப் பொறுக்கல."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒரு சீரியலைப் பற்றித்தான் பேசினோமா என்று சந்தேகமாக இருந்தது.

வள்ளி இரண்டு கட்சியிலும் சேரவில்லை. "ரெண்டு பேருமே 'எல்லாம் குடும்பத்துக்காகத்தான்'னு சொல்றாங்கம்மா. குடும்பத்துல யாரையாச்சும் கூப்பிட்டு, 'உங்களுக்கு இது வேணுமா'ன்னு கேட்டாங்களா?" என்றாள். அடடா, எல்.கே.ஜி. டீச்சர் பேசுகிறாளே என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது.

அந்தச் சமயம்தான் வள்ளிக்குக் கன்னிவாடியிலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை கதிர், அங்கே ஹைஸ்கூலில் இங்கிலீஷ் வாத்தியார். பெண் பார்த்து, பிடித்து, பூ வைக்க நாள் பார்ப்பதுதான் பாக்கி. அவருடைய அம்மா அன்னத்தாய் ஒன்றே ஒன்று சொல்லியிருந்தார்: "கல்யாணத்துக்குப் பெறவு வேலைக்கெல்லாம் வேணாம்ணே." நானும், "அதுக்கென்ன மதினி, தாராளமா விட்டுரலாம்" என்று சொல்லிவிட்டேன். வள்ளி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். காரியம் சுபம் என்று நினைத்தேன்.

இதற்கு நடுவில் பேக்கரிக்காரரைச் சுட்டுவிட்டார்கள்!

ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். டாக்டர் கதவைத் திறந்து வாயைத் திறக்கிறார்... கடைசி டிவிடி நின்றுவிட்டது. கீறல். துணியால் துடைத்தேன். தைலம் தடவிக்கூடத் துடைத்தேன். சளிக்குக் கேட்கிற தைலம் டிவிடிக்குக் கேட்கவில்லை. பிழைத்தாரா, போனாரா? குருவம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

கிருத்திகையன்று மலைமேல் முருகன் கோயிலுக்குப் போனோம். தேங்காய், பழத் தட்டைக் குருக்களிடம் நீட்டினாள். "யார் பேருக்கும்மா?"

"பேக்கரிக்காரர்னு சொல்லிக்கங்க சாமி."

"நட்சத்திரம்?"

"அது தெரியலையே... ஆளு கோவக்காரரு. ஆனா பிள்ளைகன்னா உருகிருவாரு."

குருக்கள் யோசித்தார். "உடம்புக்கு என்ன?"

"மூணு குண்டு பாஞ்சிருக்கு சாமி. போலீசும் தேடுது, எதிராளுகளும் தேடுறாங்க. பொண்டாட்டி பிள்ளைக பாவம்."

நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். அவள் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு என்ன உறவும்மா?"

"எங்க வீட்டு ஆளு மாதிரிதான் சாமி!"

பின்னால் ஏதோ தட்டு விழுகிற சத்தம். திரும்பினேன். சிதறிய விபூதிக்கு நடுவே, வாயைப் பொத்திக்கொண்டு நின்றார் சம்பந்தியம்மா அன்னத்தாய்! மகன் கல்யாணம் நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ள, மகனோடு மலையேறி வந்திருக்கிறார்.

விளக்கம் சொல்ல ஓடினேன். அவர் கையை உயர்த்தினார். "இங்க வேணாம்ணே. வீட்டுக்குப் போயிப் பேசுவோம். பூ வைக்கிறதா வேணாமான்னு இன்னைக்கே முடிவாகணும்."

வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன். முருகா, ஒரு சீரியலுக்காக என் பிள்ளை வாழ்க்கை போகவா?

வீட்டில் டிவிடிகளை அள்ளிப் போட்டுக் காட்டினேன். அன்னத்தாய் நம்பவில்லை. "சீரியல்காரனுக்கு யாராச்சும் அர்ச்சனை பண்ணுவாகளாண்ணே? அவன எங்க ஒளிச்சு வச்சிருக்கீக?"

"அப்ப போட்டே காட்டிருவோம் மதினி!" என்றாள் குருவம்மாள்.

பேக்கரிக்காரர் குண்டடிபட்ட டிவிடி ஓடாது. அதனால் கிரேன்காரரைப் போட்டோம். கதிர் ஓரத்து நாற்காலியில் பவ்யமாக உட்கார்ந்தார். வள்ளி வழக்கம்போல டிவி பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தாள். முதலில் விறைப்பாக இருந்த அன்னத்தாய், மாமியார் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், "இந்தக் கெழவி கெட்டிக்காரி" என்றார். நான் மூச்சு விட்டேன்.

அடுத்த காட்சி. கிரேன்காரர் தன் கூட்டாளியின் மகனுக்குத் தன் மகளைப் பேசி முடிக்கிறார். சாப்பாட்டு மேஜை. பெரியவர்கள் கை குலுக்குகிறார்கள். மகள் அப்பாவைப் பார்த்து ஏதோ சொல்கிறாள். வள்ளி அதைத் தமிழில் சொன்னாள்:

"அப்பா, என் வேலைய விடுறேன்னு நீங்க எப்படி வாக்குக் குடுக்கலாம்? அந்த வேலைய நான் எம்புட்டு ஆசையாப் பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியாதா? என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லாக் கேட்டா அந்தப் பொண்ணு!" என்றேன்.

ஓரத்து நாற்காலியிலிருந்து ஒரு செருமல். கதிர். "டீச்சர்... அந்த வரியில 'உப்பை இங்க தள்ளுங்க'ன்னு மட்டும்தான இருந்துச்சு?"

வள்ளியின் முகம் சிவந்தது. ஆனால் தலை குனியவில்லை.

அன்னத்தாய் டிவியைப் பார்த்தார், வள்ளியைப் பார்த்தார். "உப்புக்குள்ள இம்புட்டு இருக்காத்தா?"

திரையில் மாப்பிள்ளைப் பையன் வாய் நிறைய ரொட்டியை மென்றுகொண்டிருந்தான். ஒரு எழுத்தும் ஓடவில்லை. கதிர் அவனைச் சுட்டிக்காட்டி, சத்தமாகப் படிப்பதுபோல் சொன்னார்: "இப்ப அந்தப் பையன் பேசுறான். 'வேலைய விடச் சொன்னது எங்கம்மா. என்னையும் யாரும் கேக்கல. எங்க ஊர்லயும் எல்.கே.ஜி. இருக்கு. டீச்சர்தான் இல்ல.'"

"ஏலே, நீயுமா!" என்று அன்னத்தாய் மகன் முதுகில் ஒரு அடி வைத்தார். வைத்துவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு யார் சிரித்தது, யார் அழுதது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது.

சிரிப்பு அடங்கியதும் அவர் கேட்டார்: "ஏத்தா, அந்தக் கிரேன்காரன் பொண்டாட்டி வேலை பாக்குதுல்ல?"

"அவங்கதான் எல்லாத்தையும் நடத்துறாங்க அத்தை."

"அப்பச் சரி. வேலை பாக்குற மருமக வெவரமா இருப்பா. ஆனா கடத்தலெல்லாம் வேணாம்."

நான் என் மகளைக் கூப்பிட்டேன். எல்லார் முன்னாலும் கேட்டேன்: "உனக்குச் சம்மதமாம்மா?"

"இப்பச் சம்மதம்ப்பா" என்றாள்.

உலகமே கொண்டாடிய இரண்டு சீரியலைப் பார்த்து நான் கற்றது இவ்வளவுதான். குடும்பத்திடம் மறைக்கிறவனும், குடும்பத்தையே தொழிலில் இறக்குகிறவனும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். யாருக்காகச் செய்கிறேன் என்கிறார்களோ, அவர்களைக் கேட்பதில்லை. நாம் துப்பாக்கி எடுக்காமலே அதைச் செய்துவிடுகிறோம். கோபித்துக்கொண்டு வீட்டை விட்டு மலையேறியவர்தானே எங்கள் பழனியாண்டவர்! குடும்ப வழக்கு அவருக்குப் புதிதில்லை. யார் பேருக்கோ செய்த அர்ச்சனையை, சரியான விலாசத்தில் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்.

வாசகர்களே, இதை நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் கூட்டாமல் குறைக்காமல், இருக்கிறபடியே சொல்லுங்கள். கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால், அன்று கோயில் வரிசையில் அன்னத்தாய்க்குப் பின்னாலும் ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். பேரனைப் பார்க்கக் கன்னிவாடிக்குப் போகும்போதெல்லாம், பஸ்ஸில் நான் ஏறியதும் இரண்டு மூன்று பேர் படக்கென்று எழுந்து எனக்கு இடம் கொடுத்துவிடுகிறார்கள்... பக்கத்தில்தான் யாரும் உட்காருவதில்லை!