பெர்மெத்தின் கட்டம்

212, 87. காலையில் கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே பெர்மெத் ஒரு கையால் இந்த இரண்டு எண்களையும் தட்டிவிடுவார். தேநீர் அதற்கப்புறம்தான்.

வயது ஐம்பத்து மூன்று. பிஷ்கெக்கில் பனி கணிக்கும் அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் வேலை. மலைத்தொடர் முழுவதும், ஃபோர்ட்ரான் என்ற பழைய கணினி மொழியில் அவர் எழுதிய புரோகிராமுக்குள் கட்டங்களாக அடுக்கியிருக்கிறது. வரிசை, பத்தி என்று இரண்டு எண் கொடுத்தால் ஒரு கட்டம் திறக்கும். இந்தப் பழக்கம் கேன்டீன் வரை தொற்றிவிட்டது. "மூணாவது வரிசை, அஞ்சாவது மேசைக்கு வந்துடு" என்பார்.

"சைபராவது மேசை காலியா இருக்கா அக்கா?" என்று சீண்டுவார் உடன் வேலை செய்யும் எர்மெக். அவர் சி மொழிக்காரர். அங்கே எண்ணிக்கை சைபரில் தொடங்கும், பெர்மெத்திடம் ஒன்றில்.

212, 87 என்பது கணவாய் நிலையம். பெர்மெத்தின் கணவர் சகின்பெக் அக்டோபரிலிருந்து அங்கே வானிலை பார்க்கிறார். பனி விழுந்து சாலை மூடிவிட்டது. காலை எட்டு மணி ரேடியோவில் எண்கள் மட்டும்தான் சொல்லலாம், சொந்தப் பேச்சு கூடாது. ஏழு மாதமாகப் பெர்மெத்துக்குக் கிடைத்த கணவர் வெப்பநிலை, காற்று, பனியின் ஆழம், அவ்வளவுதான்.

மே 5 அன்று, தரவு வாசிக்கும் பகுதியை எர்மெக் சி மொழியில் புதிதாக எழுதிச் சேர்த்தார். மே 9 அன்று கணவாய் திறக்கும் என்று விடை வந்தது. வழக்கத்தைவிட மூன்று வாரம் முன்பு. நிலையத்துக்குப் போகும் முதல் லாரியில் பெர்மெத் இடம் சொல்லிவைத்தார். மேசைக்கடியில் ஒரு பை சேர்ந்தது: ஆப்பிள், வெங்காயம், இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை.

மே 6 காலை சகின்பெக் சொன்ன பனி ஆழம் 164 சென்டிமீட்டர். கட்டத்தில் இருந்தது 91.

"பனி அளக்க அண்ணன் நட்டு வெச்ச குச்சி சாஞ்சிருக்கும்" என்றார் எர்மெக்.

"அவரு குச்சி சாயாது."

"ஒரு நாள் எண்ணுக்காகவா லாரிய நிறுத்தப்போறீங்க? பைய வேற கட்டிட்டீங்க."

பெர்மெத் பக்கத்துக் கட்டத்தைத் திறந்தார். 164 அங்கே உட்கார்ந்திருந்தது. எர்மெக்கின் பகுதி சைபரிலிருந்து எண்ணிப் போட்டதில் மலை முழுவதும் ஒரு கட்டம் நகர்ந்திருந்தது. நிலையத்தின் இடத்தில் வந்து நின்றது வெயில் விழும் தெற்குச் சரிவு. கம்பைல் ஆகி இயந்திர மொழிக்கு மாறிய புரோகிராம் இதற்கெல்லாம் வாய் திறக்காது. கேட்ட கட்டத்தில் இருப்பதை எடுத்துக் கொடுக்கும்.

எர்மெக் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "என் சைபர்தான் அக்கா. மன்னிச்சிடுங்க."

"இந்தக் கணக்க நம்பி லாரி போயிருந்தா பனிச்சரிவுல மாட்டியிருக்கும்."

மே 9 என்ற தேதி இன்னும் திரையில் இருந்தது. அதை நன்றாகப் பார்த்துக்கொண்டபின் பெர்மெத் எர்மெக்கின் பகுதியில் இரண்டு இடங்களில் '+1' சேர்த்தார். மறுபடி கம்பைல் செய்தார். நாற்பது நிமிடம் ஓடியது. தேநீர் ஆறிப்போயிருந்தது.

மே 28.

கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். பிறகு குனிந்து பையைத் திறந்து, அதுவரை தாங்காத ஆப்பிள்களை ஒவ்வொன்றாக எடுத்து எர்மெக்கின் மேசையில் வைத்தார். வெங்காயத்தையும் காலுறைகளையும் எடுக்கவில்லை.

லாரி 28ஆம் தேதி காலை ஆறு மணிக்குக் கிளம்பும்.