பதினைந்தாவது ஓட்டமும் யத்விகாவின் முதுகும்

ஊர் அணியின் பந்தய வீரன் ஒலெக் யார் வீட்டுப் பிள்ளை, அவனுக்கு எந்தத் தோளில் அடிபட்டது, எந்தச் சூப் பிடிக்காது, எல்லாம் யத்விகாவுக்குத் தெரியும். அவன் கடைசி ஓட்டத்தில் வண்டி ஓட்டித்தான் அவள் பார்த்ததில்லை.

போலந்தில் அந்த ஊருக்கு மோட்டார் சைக்கிள் பந்தயம்தான் உயிர். பிரேக் இல்லாத நாலு வண்டி, சுற்றிவர மண் தடம், போட்டிக்குப் பதினைந்து ஓட்டம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் பதினைந்தாவது ஓட்டத்தில் கண்ணில் புழுதி விழுந்து அவள் திரும்பி நின்றாள். ஊர் கோப்பையை வென்றது. அவள் பார்க்காததால்தான் ஜெயித்தோம் என்று ஊர் நம்பிவிட்டது, அத்தோடு அவள் கதை முடிந்தது. கடைசி ஓட்டம் வந்தால், பக்கத்து இருக்கைக் கசாப்புக்கடைக்காரன் ரிஷார்த் அவள் தோளைப் பிடித்துத் திருப்பிவிடுவான். ஒருமுறை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டாள். நம் ஆள் குப்புற விழுந்தான். ஒரு மாதம் ரிஷார்த் அவளுக்கு நல்ல கறியே தரவில்லை. பள்ளிக்கூடத்தில் முந்நூறு பிள்ளைகளை அதட்டிச் சூப் ஊற்றுகிறவள், இங்கே வாயைத் திறக்காமல் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்து நிற்பாள்.

இந்த வருஷம் அந்தச் சுவருக்கு மேலே ராட்சதத் திரை ஒன்று வந்தது. தடத்துக்கு அந்தப் பக்கம் உட்காருகிறவர்கள் பார்ப்பதற்காம்.

அன்று தோற்றால் முதல் பிரிவிலிருந்து இறங்க வேண்டியதுதான். பதினான்கு ஓட்டம் முடிந்து இரு பக்கமும் சமம். ஒலெக் முதலில் வந்தால் பிழைத்தோம். வழக்கம்போல அவளைத் திருப்பிவிட்டார்கள். எதிரே, மாடிவீட்டு உயரத்துக்கு, ஒலெக் கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

ரிஷார்த்துக்கு அப்போதுதான் உறைத்தது. "அக்கா, கண்ண மூடிக்கோ."

"மூடிட்டேன்டா."

திரையைப் பார்ப்பதும் பார்ப்பதுதானா என்று பின்வரிசையில் இரண்டு பேர் அடித்துக்கொள்ளாத குறை. அதற்குள் வண்டிகள் உறுமின. அவள் ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு இன்னொன்றையும்.

ஒலெக் கடைசியில் இருந்தான். அவன் கண்ணாடியில் ஒட்டிய மண்கூடத் தெரிந்தது. இரண்டாம் சுற்றில் ஒருவனைத் தாண்டினான், மூன்றாம் சுற்றில் இன்னொருவனை. "வெளிப்பக்கமா வாடா" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். கடைசி வளைவில் அவன் வேலியை உரசிக்கொண்டு வெளிப்பக்கமாகவே வந்து, ஒரு சக்கர நீளத்தில் ஜெயித்தான்.

எல்லோரும் எல்லோரையும் கட்டிக்கொண்டார்கள். நடுவில் ரிஷார்த் மட்டும் வெளிறிப்போய் நின்றான்.

"அக்கா, பாத்தியா?"

"முழுசா பாத்தேன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். முதுகு தடத்துப் பக்கம்தானே இருந்தது, அதனால் இது சேர்த்தியில்லை என்று தீர்ப்புச் சொன்னான். வரிசை முழுக்கத் தலையாட்டியது. யத்விகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷம் இதையா விட்டோம் என்று வயிறு எரிந்தது. ஆனாலும் குதிக்காமல் இருக்க முடியவில்லை.

"அடுத்த வருஷமும் திரும்பித்தான் நிக்கணும், சொல்லிட்டேன்."

"நிக்கிறேன்டா. நீங்கதான் பாவம், அந்தப் பக்கம் வெறும் புழுதியைப் பாத்துக்கிட்டு நிப்பீங்க."