ரயிலில் ஒரு வார்ம்-அப்

பெங்களூரில் அலுவலகம் போகுமுன் தினமும் நீச்சல் குளத்தில் நீந்துவேன். ஒரு நாள் நேரமில்லையென்று வார்ம்-அப் செய்யாமல் குதித்து, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு மூழ்கப் பார்த்தேன். பக்கத்தில் நீந்தியவர்தான் கரைக்கு இழுத்தார்.

மறுநாள் கோலார் தங்கவயலிலிருந்து பெங்களூருக்கு வழக்கமாக வரும் ரயிலில், இறங்குவதற்கு முன்பே தோளைச் சுழற்றினேன். பக்கத்தில் பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்த, எங்களூர் ஆண்டர்சன்பேட்டை அக்காவை என் முழங்கை இடித்துவிட்டது.

“இன்னாமா, கை வலியா?”

“நீச்சலுக்கு ஒடம்பைத் தயார் பண்றேன்க்கா. நேத்து தண்ணில காலு புடிச்சுகிச்சு. பயமா கீது.”

அவர் பீன்ஸ் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். “எல்லாரும் கொஞ்சம் ஒத்திக்கங்க! இந்தப் பொண்ணு கை வீசணும்!”

மூச்சுவிட முடியாத அந்தக் கூட்டம் எப்படியோ விலகியது. நான் கைகளைத் தூக்கினேன். எதிர்வரிசைப் பெண்களும் சிரித்துக்கொண்டே தூக்கினார்கள்.

அன்று குளத்தில் காலும் பிடிக்கவில்லை, பயமும் வரவில்லை. இவ்வளவு தண்ணீரில் முழங்கை இடிக்க ஓர் ஆள் இல்லையே என்றுதான் இருந்தது.