மீன்கடைச் சண்முகராசாவை அமெரிக்கா திருப்பி அனுப்பிய கதை

ஒரு மனிதன் போகிற இடத்திலிருந்து திரும்பி வருவான் என்பதை முன்கூட்டியே எப்படி நிரூபிப்பது? 2009இல் இதை யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடத்தைவிட்டு வெளியே வந்த புதிது. எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு திரிந்த காலம். லண்டனில் மனோர் பார்க்கில் மீன்கடை வைத்திருந்த சண்முகராசாவுக்கும் பதில் தெரியாது. ஆனால் கேள்வி அவரிடம்தான் வந்தது. அதுவும் தடித்த கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

சண்முகராசா கட்டையான, அகன்ற மனிதர். மீன் வெட்டும்போது மீனோடு பேசுவார். "கொஞ்சம் பொறு, முடிஞ்சுது" என்று அவர் ஆறுதல் சொல்வது வாங்க வந்தவருக்கா மீனுக்கா என்று கண்டுபிடிப்பது கடினம். இளம் வயதில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளிக்கிட்டவர். ஜேர்மனியில் அகதி விண்ணப்பம் போட்டார், மறுத்தார்கள். பிரான்சிலும் மறுத்தார்கள். லண்டனில்தான் ஏற்றுக்கொண்டார்கள். மூன்று நாடுகளிலும் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "உன்னால் ஏன் திரும்பிப் போக முடியாது?" அதற்கு அவர் மூன்று மொழிகளில், நித்திரையிலும் பதில் சொல்வார். ஒருமுறை பல்வைத்தியர் "அடுத்த மாதம் திரும்பி வர முடியுமா?" என்று கேட்க, ஏன் முடியாது என்று வாயில் பஞ்சோடு விளக்கத் தொடங்கிவிட்டார்.

அவருடைய மனைவி நகுலேஸ்வரி பிரித்தானியக் குடியுரிமைச் சோதனை எழுதி, கடவுச்சீட்டும் எடுத்துவிட்டார். சண்முகராசா மட்டும் ஒவ்வொரு வருடமும் "அடுத்த வருசம் எழுதுவம்" என்று தள்ளிப்போட்டு, நீல நிற அகதிப் பயணப் பத்திரத்தோடேயே இருந்தார். அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை, நியூ ஜேர்சியிலிருந்து தங்கை தவநாயகி தொலைபேசி எடுக்கும்வரை.

"அண்ணை, கம்சிகாவுக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. கார்த்திகையில."

அந்த வருடம் எங்கள் சனத்துக்கு நல்ல சேதி என்று ஒன்று வந்ததே குறைவு.

"அவரும் இல்லை," என்றார் தவநாயகி. அவருடைய கணவர் இறந்து பல வருடங்கள். "தாய்மாமனும் மாமியும்தான் பிள்ளையைத் தாரைவார்த்துக் குடுக்கோணும். நீங்கள் வராட்டி ஆர் செய்யிறது?"

"என்ன கதை இது? நான் வாறன்!"

தொலைபேசியை வைத்த பிறகுதான் விசா நினைவுக்கு வந்தது. நகுலேஸ்வரிக்கு விசா தேவையில்லை. இன்ரர்நெற்றில் பதிந்தால் போதும். சண்முகராசா தூதரகத்துக்குப் போய்க் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டும்.

"நான் போய்த் தனியத் தாரைவார்க்கவோ?" என்று கேட்டார் நகுலேஸ்வரி. "பக்கத்தில உங்கட படத்தை வைச்சுப்போட்டு?"

இந்தக் கவலையோடு ரொம்ஃபோர்ட் றோட்டால் நடந்து போனபோதுதான், பழைய சாமான் விற்கும் தொண்டுக் கடையின் கண்ணாடியில் அந்தப் பெட்டியைக் கண்டார். மேலே தீப்பந்தம் ஏந்திய சிலையம்மா. கீழே கொட்டை எழுத்தில் 'அமெரிக்கக் குடிவரவு' என்று ஆங்கிலத்தில். உள்ளே ஒரு சீடி. கணினியில் போட்டால், பார்ப்பவரே பயணியாக மாறிக் குடிவரவு அதிகாரியின் கேள்விகளுக்குப் பதில் சொல்லலாமாம். கந்தனே வழிகாட்டிவிட்டான் என்று வாங்கிக்கொண்டு வந்தார்.

பதினான்கு வயது மகள் தயாளினி பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, சீரியஸ்லி? இது ஸ்கூல் பிள்ளையளுக்கு. ஹிஸ்ற்ரி. நூறு வருசத்துக்கு முந்திச் சனம் கப்பல்ல அமெரிக்கா போன கதை."

"கப்பலெண்டால் என்ன, பிளேனெண்டால் என்ன பிள்ளை? கேள்வி கேக்கிறவன் ஒருத்தன்தான். மூண்டு நாட்டில பாத்திட்டன். உடுப்புத்தான் மாறும். நீ போடு."

தயாளினி போட்டாள். திரையில் பயணிகள் வரிசையாக நின்றார்கள். சண்முகராசா தொழில் பாசத்தில் சல்வத்தோரே என்ற சிசிலித் தீவு மீனவரைத் தெரிவுசெய்தார். பெரிய மீசை, சின்ன மூட்டை. ஆண்டு 1907. கப்பல் நியூயோர்க்குக்குப் பக்கத்தில் எல்லிஸ் தீவை அடைந்தது. அங்கே நீளமான படிக்கட்டு. மேலே வைத்தியர்கள் நின்று, யாருக்கு மூச்சு வாங்குகிறது என்று பார்ப்பார்களாம். அது தெரியாத சண்முகராசா சுட்டியைப் படபடவென்று அமத்த, சல்வத்தோரே ஓடி ஏறி, மேலே நாய்போல இளைத்தார். வருத்தக்காரன் என்று காட்ட, வைத்தியர் அவருடைய கோட்டில் சோக்கட்டியால் வெள்ளையாக ஓர் எழுத்துப் போட்டார். 'பூம்' என்று சங்கு ஊதியது. கப்பல் வந்த வழியே திரும்பியது.

"இவ்வளவு கெதியாவோ!" சண்முகராசா கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "ஜேர்மன்காரன்கூட ரெண்டு வருசம் எடுத்தவன்!"

அடுத்த முறை மெல்ல ஏறினார். அதிகாரி கேட்டார்: உனக்கு வேலை இருக்கிறதா? ஒன்றுவிட்ட அண்ணன் வேலை தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்ற பதிலை நம்பிக்கையோடு அமத்தினார். பூம். வரமுன்னே வேலை பேசி வைத்துக்கொண்டு வருவது அந்தக் காலத்தில் சட்ட விரோதம் என்று திரை விளக்கியது.

"இல்லையெண்டாலும் குற்றம், இருக்கெண்டாலும் குற்றமோ?"

"பேசாமல் கப்பல்ல ஏறுங்கோ அப்பா," என்று குசினியிலிருந்து நகுலேஸ்வரி குரல் கொடுத்தார். "சாப்பிட்டிட்டுத் திரும்பி வருவம்."

பின்னேரம் பின்னேரமாகச் சல்வத்தோரே அமெரிக்கா போனார். பின்னேரம் பின்னேரமாகத் திரும்பினார். தயாளினி இதைப் பக்கத்துப் பலசரக்குக் கடை விஜயரத்தினத்திடம் சொல்லிவிட்டாள். விஜயரத்தினத்திடம் சொன்னால் பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் கேட்வரை நோட்டீஸ் ஒட்டியதற்குச் சமம்.

"என்ன சண்முகம் அண்ணை, இண்டைக்கும் கப்பலோ?"

"உன்ர வெண்டிக்காயைப் பார் விஜயம்."

மீன் வாங்க வருகிறவர்களும் தொடங்கிவிட்டார்கள். "அரைக் கிலோ இறால். துப்பரவாக்கித் தாங்கோ. உள்ள விட்டாங்களோ அண்ணை?"

சண்முகராசா மனம் தளரவில்லை. வீட்டுப் படிக்கட்டில் வாயை மூடிக்கொண்டு ஏறி இறங்கிப் பழகினார். சீடியில் வைத்தியர்கள் செய்வதுபோல, கண்ணில் நோய் இருக்கிறதா என்று பார்க்க நகுலேஸ்வரியிடம் இமையைத் திருப்பச் சொன்னார். மிளகாய் வெட்டிய கையோடு அவர் திருப்பிவிட, அன்று முழுக்கச் சண்முகராசா அழுதழுது மீன் வெட்டினார். மீன்களுக்காக அழுகிறார் என்று கடைக்கு வந்த ஒருவர் சைவமாகவே மாறிவிட்டதாக விஜயரத்தினம் சொன்னது பொய்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, சந்தையில் மீன் எடுத்து வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவர், கடை திறக்கமுதல் ஒருதரம் பார்ப்போம் என்று கணினிக்கு முன்னால் இருந்தார். படி ஏறினார், இளைப்பில்லை. கண் நல்லது. வேலை பேசவில்லை, ஆனால் எந்த வேலையும் செய்வேன். கை பலம். அரசாங்கத்துக்குப் பாரமாக இருக்கமாட்டேன். திரையில் கதவு திறந்தது. வாத்தியம் முழங்கியது. சல்வத்தோரே தொப்பியை மேலே எறிந்தார்.

"அப்பா, யூ டிட் இற்!" தயாளினி துள்ளினாள். "எங்க எழும்புறீங்கள்? நில்லுங்கோ, இனித்தான் மெயின் பாட். நியூயோர்க்கில வீடு தேடோணும், வேலை தேடோணும்."

"அதுக்கெல்லாம் ஆருக்கு நேரம்? வானில மீன் கிடக்கு." கணினியை நிறுத்திவிட்டுப் போய்விட்டார். அன்று கடைக்கு வந்த எல்லாருக்கும் ஒரு கை நெத்தலி இனாம்.

அடுத்த புதன்கிழமை, கலியாணத்துக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு தூதரகத்துக்குப் போனார். படியில் வாயை மூடிக்கொண்டு, கோயில் தேர்போல ஆறுதலாக ஏறினார். பின்னால் வரிசை தேங்கியது. நகுலேஸ்வரி எதிரே இருந்த பூங்காவில் வடைப் பொட்டலத்தோடு காவல் இருந்தார்.

கண்ணாடிக்குப் பின்னால் இளம் பெண் அதிகாரி ஒருவர். பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. சண்முகராசா ஆங்கிலத்தையும் யாழ்ப்பாணத்துத் தமிழ்போலவே பேசுவதால், அதை, 'மேடம்' அவர் வாயில் 'மடம்' ஆனது உட்பட, இப்படியே எழுதிவிடுகிறேன்.

"எதற்காக அமெரிக்கா போகிறீர்கள்?"

"தங்கச்சியின்ர மகளுக்குக் கலியாணம், மடம்."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இத்தனை நாள் பழகிய வாய் நிற்குமா?

"எனக்குக் கண்ணில வருத்தமில்லை. படி ஏறினால் இளைக்காது. ஆரும் வேலை தாறனெண்டு சொல்லேல்லை, ஆனால் எந்த வேலையும் செய்வன். கையைப் பாருங்கோ." கோட்டுக் கையை மடித்துக் காட்டினார். "அரசாங்கத்துக்குப் பாரமா இருக்கமாட்டன்."

அதிகாரியின் விரல்கள் தட்டச்சில் நின்றன. "அங்கே வேலை செய்யப் போகிறீர்களா?"

"தந்தால் செய்வன்."

அவருடைய ஒரு புருவம் மேலே போனது. அந்தப் புருவத்தைச் சண்முகராசாவுக்குத் தெரியும். சல்வத்தோரேயின் அதிகாரிக்கும் அதே புருவந்தான். காதுக்குள் சங்கு ஊதத் தொடங்கியது.

"முன்பு எப்போதாவது உங்களை அமெரிக்காவுக்குள் விட மறுத்திருக்கிறார்களா?"

அதிகாரிகளிடம் பொய் சொன்னால் எப்படியும் பிடிபடும் என்பது சண்முகராசா மூன்று நாடுகளில் படித்த பாடம். "ஓம் மடம். கனதரம். எத்தினையோ முறை."

"விண்ணப்பத்தில் இல்லை என்று இருக்கிறதே?"

"அது மகள் நிரப்பினவ."

"எப்போது மறுத்தார்கள்?"

"ஆயிரத்துத் தொளாயிரத்து ஏழில."

"எந்த விமான நிலையத்தில்?" என்று பழக்கத்தில் கேட்டுவிட்டார் அதிகாரி.

"கப்பல், மடம்."

அதிகாரி அவருடைய பிறந்த திகதியைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். மறுபடியும் திகதியைப் பார்த்தார். சண்முகராசாவுக்கு அப்போதுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பதறிப்போய்ச் சீடி, சிலையம்மா, சல்வத்தோரே, சோக்கட்டி என்று எல்லாவற்றையும் கொட்டினார். அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டார். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டார்.

"சரி. ஆனால் என் கேள்வி இதுதான். நீங்கள் லண்டனுக்குத் திரும்பி வருவீர்கள் என்று நான் எப்படி நம்புவது?"

சண்முகராசா வாயைத் திறந்தார். ஏன் திரும்பிப் போக முடியாது என்பது மூன்று மொழிகளில் வரிசையாக வந்து நின்றது. ஒன்றும் பொருந்தவில்லை. வாழ்நாளில் ஒருவரும் அவரிடம் இப்படி மறுவளமாகக் கேட்டதில்லை. கம்சிகாவின் கையும், நகுலேஸ்வரியின் செம்புத் தண்ணீரும், பக்கத்தில் தன்னுடைய படமும் கண்ணுக்குள் வந்தன. அவருடைய கடை மீன்களைப்போல வாயைத் திறந்தபடியே நின்றார்.

அதிகாரி விண்ணப்பத்தை ஒருபக்கம் தள்ளி வைத்தார். "அந்த மீனவர் என்ன ஆனார்? கடைசியில் உள்ளே விட்டார்களா?"

"விட்டவை மடம். போன சனிக்கிழமை. வாத்தியம் எல்லாம் அடிச்சவை."

"நியூயோர்க்குக்குள் போய் என்ன செய்தீர்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை."

"ஒன்றுமே?"

"இனி வீடு தேடோணும், வேலை தேடோணுமெண்டு மகள் சொன்னவ. நான் கொம்பியூட்டரை நிப்பாட்டிப்போட்டுக் கடைக்கு வந்திட்டன். வானில மீன் கிடந்தது மடம். ஐஸ் உருகினால் ஆர் பாக்கிறது?"

அதிகாரி கதிரையில் சாய்ந்தார். அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெளியே வந்தது. பக்கத்துக் கண்ணாடிக்காரர்கூட எட்டிப் பார்த்தார்.

"கலியாணம் முடிந்த பிறகு?"

"அதுக்கு அடுத்த சனிக்கிழமையும் மீன் வரும்தானே, மடம்."

நீலப் பத்திரத்தை அதிகாரி தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். "விசா ஒட்டி அனுப்புகிறோம். கலியாணத்தில் யாரிடமும் கையை மட்டும் மடித்துக் காட்டாதீர்கள்."

பூங்காவில் நகுலேஸ்வரி எழுந்து நின்றார். "என்னப்பா, கப்பலோ?"

"இல்லை. வாத்தியம்," என்றார் சண்முகராசா. இரண்டு வடையைச் சேர்த்து வாய்க்குள் போட்டுக்கொண்டார்.

கார்த்திகையில், நியூ ஜேர்சியில் ஒரு மண்டபத்தில், அவர் கம்சிகாவின் கையைப் பிடித்துக் கொடுக்க, நகுலேஸ்வரி செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தார். தவநாயகி அழுதார். நாலு நாள் நின்று ஊர் பார்க்கச் சொன்னார்கள், மறுத்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை காலை மனோர் பார்க்கில் கடை திறந்திருந்தது. கணினியில் சல்வத்தோரே மட்டும் வீடும் வேலையும் இல்லாமல் நியூயோர்க் கதவடியிலேயே இன்னும் நிற்கிறார்.

இதைப் படித்தவர்கள் விசாக் கேள்விக்குப் பயந்துகொண்டிருக்கிற யாருக்காவது சொல்லிவிடுங்கள். அவரையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். சண்முகம் அண்ணை அதிகாரிக்கு ஒரு முழு விளைமீன் கொடுத்துத்தான் விசா எடுத்தார் என்று விஜயரத்தினம் இப்போதும் சொல்லிக்கொண்டு திரிகிறார். அவர் முந்திக்கொள்வதற்குள் நீங்கள் சொல்லவேண்டும்.